சுவர் வெட்டும் தூசி: மேசன்மாரின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது?

மாடிவீடு_வெள்ளவத்தை
செவ்வாய், இரவு 9.12

எங்கள் வீட்டில் திருத்த வேலை நடக்கிறது. குளியலறையின் பழைய டைல்ஸை உடைத்து எடுக்க வேண்டும், சுவரை வெட்டி வயர் பைப்பும் தண்ணீர்க் குழாயும் பதிக்க வேண்டும், பென்ட்ரிக்குப் புதிய கல் போட வேண்டும். இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் கிரைண்டர் பிடிக்கிறார். மற்றவர் சின்னப் பொடியன். பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பதும் கூட்டி அள்ளுவதும் அவன் வேலை.

தூசி வருகிறது என்று அக்கம்பக்கத்தார் முறைப்பாடு செய்ததால், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் மூடிக்கொண்டுதான் வெட்ட வேண்டும் என்று கட்டடத்தின் நிர்வாகக் குழு சொல்லிவிட்டது. எங்களுக்குத் தூசி வரக்கூடாது என்பதற்காக அந்த இரண்டு பேரையும் தூசியோடு சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். எனக்கு இது சரியாகப் படவில்லை.

கொந்தராத்துக்காரரிடம் கேட்டேன். "வெறும் சீமெந்துத் தூசிதானே, இரவில் பால் குடித்தால் போய்விடும்" என்கிறார். அது உண்மையா? வீட்டுக்காரி என்ற முறையில் நான் அவரிடம் என்ன கேட்கலாம்? தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சைட்_கந்தோர்
செவ்வாய், இரவு 10.05

பால் கதையை விட்டுவிடுங்கள் அக்கா. பால் வயிற்றுக்குப் போகிறது, தூசி நுரையீரலுக்குப் போகிறது. பால், வாழைப்பழம், சர்க்கரைக்கட்டி எல்லாம் சாப்பாடு. சாப்பிடட்டும், நல்லது. ஆனால் நெஞ்சுக்குள் இறங்கிய கல்லை அவை எடுத்துவிடாது.

"வெறும் சீமெந்து" என்பதும் சரியில்லை. பையிலிருந்து கொட்டும் சீமெந்தில் படிகச் சிலிக்கா மிகக் குறைவு. அது தோலையும் கண்ணையும் எரிக்கும், அது வேறு தொல்லை. நீங்கள் வெட்டுவதோ மணலும் சல்லியும் சேர்ந்து இறுகிய சுவர். மணல் என்பதே பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா. கொங்கிரீட்டிலும் சாந்திலும் அது 25 முதல் 70 சதவீதம் வரை இருக்கும். டைல்ஸில் 30 முதல் 45, கிரனைட்டில் 20 முதல் 45, செங்கல்லில் 30 வரை. மாபிளிலும் சுண்ணாம்புக் கல்லிலும் சுமார் 2 தான். பென்ட்ரிக்கு என்ன கல் போடப் போகிறீர்கள் என்று எழுதவில்லையே? குவார்ட்ஸ் டொப் என்று விற்கும் செயற்கைக் கல் என்றால் அதில் 90 சதவீதத்துக்கு மேலும் இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரிந்து, தலைமயிரிலும் புருவத்திலும் வெள்ளையாகப் படிகிறதே, அதைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். அதில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியே வந்துவிடும். ஆபத்து அதற்குள் கலந்திருக்கும் மிக நுண்ணிய பகுதியில். ஒரு தலைமயிரின் தடிப்பு 50 முதல் 100 மைக்ரோன் வரை. நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகும் துகள் நாலைந்து மைக்ரோனுக்கும் கீழே. தனியாக அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு மைக்ரோன் அளவுத் துகள் அசையாத காற்றில்கூட ஒரு மீற்றர் கீழே இறங்க மணிக்கணக்கு எடுக்கும். கிரைண்டரை நிறுத்தியதும் "தூசி அடங்கிவிட்டது" என்று மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே அறைக்குள் இருந்து சோறு சாப்பிடுகிறார்களே, அப்போதும் அது காற்றில் நிற்கிறது.

எவ்வளவு அதிகம் என்று கேட்பீர்கள். அமெரிக்கா 2016இல் கொண்டுவந்த விதிப்படி, எட்டு மணி நேர வேலையின் சராசரியாக ஒரு கன மீற்றர் காற்றில் இந்த நுண்ணிய சிலிக்கா 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு ஷிப்டில் ஓர் ஆள் கிட்டத்தட்ட 10 கன மீற்றர் காற்றை இழுக்கிறார். கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு அரை மில்லிகிராம். ஓரிரண்டு சீனிப் பரலின் எடை, அவ்வளவுதான் எல்லை. மூடிய குளியலறைக்குள் தண்ணீர் இல்லாமல் சுவர் வெட்டினால் அந்த நாளுக்கான அளவு சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும். உங்கள் நிர்வாகக் குழுவுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பாஸ்_கொட்டாஞ்சேனை
செவ்வாய், இரவு 10.48

நான் இந்தத் தொழிலில் தலை நரைத்தவன். ஜம்பட்டா வீதியிலும் கிராண்ட்பாஸிலும் நான் கட்டிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. தூசி குடிக்காத மேசன் உண்டா? எங்களுக்கு யார் மாஸ்க் தந்தார்கள்? படித்தவர்கள் எழுதுவதைப் பார்த்தால் சுவரைத் தொட்டாலே சாவு என்பது போல இருக்கிறது. பிள்ளைகள் பயந்து தொழிலை விட்டுவிடப் போகிறார்கள்.

தண்ணீர் ஊற்றி வெட்டு என்று லேசாகச் சொல்லலாம். கையில் கரண்ட் மெஷின் இருக்கிறது. ஈரத்தில் நின்றுகொண்டு அடி வாங்கினவனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாஸ்க் போட்டால் கொழும்பு வெக்கைக்குப் பத்து நிமிடத்தில் மூச்சு முட்டும். இதற்கெல்லாம் வழி சொல்லிவிட்டு எண்ணிக்கை சொல்லுங்கள்.

தாதி_மருதானை
புதன், காலை 6.30

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. கரண்ட் பற்றித் தொழில்காரர்கள் சொல்லட்டும். மார்பு நோய்ப் பிரிவில் வேலை செய்தவள் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நீங்கள் பழகிய காலத்தில் கல்லை உளியும் சுத்தியலும் கொண்டு உடைத்தீர்கள். செங்கல்லைக் கரண்டியால் தட்டிப் பிளந்தீர்கள். துண்டு துண்டாகத் தெறித்தது, மெல்லிய தூள் குறைவு. இன்று டயமண்ட் பிளேட் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றி அதே கல்லை மாவாக்குகிறது. வேலையும் வெளியில் இல்லை, மூடிய மாடிவீட்டுக்குள். உங்கள் தலைமுறையின் உடம்பை வைத்து இந்தப் பொடியனின் உடம்புக்குச் சான்று சொல்ல முடியாது. இன்னொன்று, புதிதாக உடைந்த சிலிக்காத் துகள் பழைய தூசியை விடக் கெடுதியானது. உடைந்த முகம் இரசாயன ரீதியில் துடிப்பாக இருக்கும். கிரைண்டர் பக்கத்தில் நிற்பவர் சுவாசிப்பது அந்தப் புதுத் துகளைத்தான்.

உள்ளே நடப்பது இதுதான். நுரையீரலின் காற்றுப்பைகளில் துப்புரவு செய்யும் கலங்கள் இருக்கின்றன. கிருமி வந்தால் விழுங்கிக் கரைத்துவிடும். சிலிக்காவையும் விழுங்கும், ஆனால் கல்லைக் கரைக்க முடியாது. விழுங்கிய கலம் செத்துப் போகும். சாகும்போது அதற்குள் இருந்த இரசாயனங்கள் கொட்டி அந்த இடம் புண்ணாகும். வெளியே விழுந்த துகளை அடுத்த கலம் விழுங்கும், அதுவும் சாகும். ஒரே துகள் இப்படித் திரும்பத் திரும்ப வேலை செய்துகொண்டே இருக்கும். ஆறும் இடமெல்லாம் தழும்பாகிறது. முதலில் நுரையீரலின் மேல் பகுதிகளில் சின்னச் சின்ன முடிச்சுகள், பிறகு அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய கட்டிகள். தழும்பான இடத்தால் ஒட்சிசன் இரத்தத்துக்குள் போகாது. இதற்குப் பெயர் சிலிக்கோசிஸ்.

இதில் கொடுமை என்னவென்றால் தூசி படும் இடத்தை விட்டு வந்த பிறகும் அது வளரும். துகள் உள்ளேயே இருக்கிறதே. தழும்பை மாற்றும் மருந்து இன்று வரை இல்லை. மூச்சை இலகுவாக்க, தொற்று வராமல் பார்க்க, ஒட்சிசன் கொடுக்க முடியும். கடைசிக் கட்டத்தில் நுரையீரல் மாற்று, அது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சாதாரணமாக பத்து வருடத்துக்கு மேல் தூசி பட்ட பிறகுதான் வெளியே தெரியும். தூசி கடுமையாக இருந்தால் ஐந்து பத்து வருடத்திலேயே வரும். மிக அதிகமாக இருந்தால் சில கிழமைகளிலோ சில வருடங்களிலோ நுரையீரல் நீர் நிரம்பியது போலாகி ஆள் முடிந்துவிடுவார். ஆரம்பத்தில் ஓர் அறிகுறியும் இராது. அப்புறம் படி ஏறினால் இளைக்கும், வறட்டு இருமல் வரும், உடம்பு மெலியும். அந்த நேரம் எக்ஸ்ரே எடுத்தால் பாதி வேலை நடந்து முடிந்திருக்கும்.

நுரையீரலோடு நிற்பதும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 1997இலேயே தொழிலிடத்தில் சுவாசிக்கும் படிகச் சிலிக்காவை மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது. சிறுநீரக நோய், மூட்டுவாதம், தோல் இறுகும் நோய் ஆகியவற்றோடும் தொடர்பு இருக்கிறது. சிகரெட், பீடி பிடிப்பவருக்கு எல்லாம் இன்னும் கூடும்.

பிறகு காசநோய். கிருமியைப் பிடிக்க வேண்டிய அதே கலங்களைத்தானே சிலிக்கா கொல்கிறது. அதனால் சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு. நம் ஊரில் இதை யாரும் பேசுவதில்லை என்பது என் பெரிய கவலை.

வத்தளை_மலையகத்தான்
புதன், காலை 8.15

அக்கா எழுதியதை வாசித்து முடிக்க எனக்கு நேரம் எடுத்தது. என் அப்பாவின் கதை இது.

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கொழுந்துச் சம்பளம் போதாது என்று பொடியனாக இருக்கும்போதே கொழும்புக்கு வந்தார். முதலில் கையாள், பிறகு மேசன். கடைசிக் காலம் முழுக்க கிரனைட் வெட்டும் ஒரு பட்டறையில். தகரக் கூரை, மூன்று பக்கமும் அடைப்பு. தண்ணீர் போட்டு வெட்டினால் கோடு தெரியவில்லை, வேலை தாமதமாகிறது என்று காய்ந்தபடியே வெட்டச் சொன்னார்கள். முகத்தில் ஒரு துவாய் கட்டிக்கொள்வார். சைட்டிலேயே படுக்கை. ஊருக்கு வரும்போது உடுப்பு மூட்டையை அம்மா வாசலில் உதறித் துவைப்பார்.

இருமல் வந்தபோது காசநோய் என்றார்கள். மருந்தை ஒரு நாள் விடாமல் குடித்து முடித்தார். சளியில் கிருமி இல்லை என்று வந்தது. ஆனால் இளைப்பு குறையவில்லை, கூடிக்கொண்டே போனது. இடையில் ஆஸ்துமா என்று பம்ப் கொடுத்தார்கள். வயது என்றார்கள். அவ்வளவு காலத்தில் அவரைப் பார்த்த யாரும் "என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்கவில்லை. கடைசியாக ஓர் இளம் டொக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். பதிலைக் கேட்டதும் அவர் முகம் மாறியது எனக்கு நினைவிருக்கிறது.

பட்டறைக்காரரிடம் போனேன். சம்பளச் சீட்டு இல்லை, சேமலாப நிதி இல்லை, பெயர் எழுதிய புத்தகமும் இல்லை. எல்லாம் கைக்காசு. "உங்கள் அப்பா இங்கே வேலை செய்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று என்னிடமே கேட்டார். அப்பா இப்போது தோட்டத்து லயத்தில் இருக்கிறார். தண்ணீர் எடுக்கும் பீலியடிக்கு நடந்து போய் வர அவரால் முடியாது.

வெள்ளவத்தை அக்கா, உங்கள் வீட்டில் நிற்கும் அந்தப் பொடியன் எங்கள் பக்கத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். நீங்கள் கேட்டதற்கு நன்றி.

தாதி_மருதானை
புதன், காலை 8.50

தம்பி, அப்பாவுக்குக் காய்ச்சல், இரவில் வியர்வை, உடம்பு மெலிவது, சளியில் இரத்தம் எது வந்தாலும் "முன்பே மருந்து குடித்தாயிற்று" என்று இருக்காதீர்கள். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் திரும்பவும் வரலாம். மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கொழும்பில் டீன்ஸ் வீதியில் மத்திய மார்பு நோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது. பெரிய அளவில் பார்க்க வெலிசறை சுவாச நோய் வைத்தியசாலை.

வாசிக்கும் மற்றவர்களுக்கும்: டொக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். "நான் கல் வெட்டுகிறேன், இத்தனை வருடமாக, தண்ணீர் இல்லாமல்." எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸும் காசநோயும் ஒன்று போலத் தோன்றலாம், இரண்டுமே மேல் பகுதியைப் பிடிப்பவை. தொழில் தெரியாவிட்டால் டொக்டருக்கு அந்த எண்ணமே வராது. கொப்பியில் தொழிலை எழுதச் சொல்லுங்கள். மூச்சு அளவைப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

சிறு_கொந்தராத்து
புதன், மதியம் 1.20

நான் நாலைந்து பேரை வைத்து வேலை எடுப்பவன். மேலே உள்ள தம்பியின் அப்பாவுக்கு நடந்தது அநியாயம், அதை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தையும் வைக்கிறேன்.

வீட்டுக்காரர் மூன்று பேரிடம் விலை கேட்பார். யார் குறைவோ அவருக்கு வேலை. தண்ணீர் போட்டு வெட்டும் மெஷின், தூசி இழுக்கும் மெஷின், நல்ல மாஸ்க் எல்லாம் சேர்த்து நான் விலை எழுதினால் எனக்கு வேலை கிடையாது. சேர்க்காத ஆளுக்குக் கிடைக்கும். இதுதான் கொழும்பு. அடுத்தது, மாடிவீட்டில் தண்ணீர் போட்டால் கீழ் வீட்டு சீலிங்கில் கறை. சண்டைக்கு வருவார்கள். அப்புறம் வேலைக்காரர்கள். சுவர் வெட்டுவதை அடிக்கு இவ்வளவு என்று கொந்தராத்தாகக் கொடுத்திருந்தால் அவர்களுக்கு வேகம்தான் காசு. மாஸ்க் வாங்கிக் கொடுத்தாலும் கழுத்தில்தான் தொங்கும்.

சைட்_கந்தோர்
புதன், மாலை 5.40

அண்ணன் சொன்ன விலைப் போட்டி உண்மை. ஆனால் "வேகம்தான் காசு" என்ற அதே காரணத்தால் என்ன நடந்தது என்று ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவில் ஹோக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் 1930, 31இல் மலையைக் குடைந்து நீர்மின் சுரங்கம் போட்டார்கள். பாறை முழுக்கச் சிலிக்கா. ஈரமாகத் துளைத்தால் தாமதம் என்று காய்ந்தபடி துளைத்தார்கள். வேலை தேடி வந்த ஏழைகள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். செத்தவர்கள் குறைந்தது 476 பேர், 764 வரை இருக்கலாம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். தண்ணீர் போட வேண்டும் என்பது அன்றே தெரிந்த விஷயம். நூறு வருடம் ஆகப்போகிறது, நாங்கள் இன்னும் அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இனி வழி. பாஸ் ஐயா கேட்டதும் இதைத்தான்.

முதலாவது, வெட்டாமலே முடிக்கக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. டைல்ஸை நேர்கோட்டில் வெட்ட கிரைண்டர் வேண்டாம். கையால் கீறி முறிக்கும் டைல்ஸ் கட்டர் போதும், தூசி இல்லை என்றே சொல்லலாம். வயர் பைப் முழுவதையும் சுவருக்குள் புதைக்கத்தான் வேண்டுமா? வெளியால் வயரை மூடும் கேசிங் (உறை) போட்டால் பாதிச் சுவர் தப்பும். புது வீடு கட்டுபவர்கள் பைப் போகும் வழியைப் பூச்சுக்கு முன்பே தீர்மானித்தால் பிறகு வெட்ட வேண்டியதில்லை. என் அனுபவத்தில் சுவர் வெட்டும் வேலையில் பெரும்பகுதி திட்டமில்லாததால் வருவது.

இரண்டாவது, தண்ணீர். ஐயா சொன்ன பயம் சரியான பயம். சாதாரண கிரைண்டரில் ஒருவர் வெட்ட இன்னொருவர் போத்தலால் தண்ணீர் ஊற்றுவது நடக்கிறது, அதைச் செய்யாதீர்கள். பிளேட்டுக்கு நேரே நீர் வரும்படி செய்த மெஷின் இருக்கிறது, அதைத்தான் எடுக்க வேண்டும். இணைப்பு ட்ரிப் சுவிட்ச் வழியாக வர வேண்டும், வயர் வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். கல் மேசையில் வெட்டுவதற்கு ஈர மேசைக் கட்டர் வாடகைக்கும் எடுக்கலாம். அதைக் கீழே வாகனம் நிறுத்தும் இடத்திலோ திறந்த வெளியிலோ வைத்தால் சீலிங் கறைச் சண்டையும் இல்லை.

மூன்றாவது, மாடிவீட்டுச் சுவர். இங்கே தண்ணீர் கஷ்டம்தான். பிளேட்டை மூடும் கவசம் போட்டு, அதிலிருந்து குழாய் வழியாக, நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவத்துக்கு இழுக்க வேண்டும். வீட்டு வேக்குவம் உதவாது, நுண்ணிய தூசியைப் பின்னால் திரும்ப ஊதிவிடும். விலை கூடியதுதான். நாலைந்து கொந்தராத்துக்காரர் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றிப் பாவிக்கலாம், அல்லது வீட்டுக்காரர் வாடகையைக் கொடுக்கலாம். உள்கதவை பொலித்தீனால் அடைத்து, கடல் பக்க ஜன்னலில் விசிறி வைத்து வெளியே தள்ளினால் பக்கத்து வீடும் தப்பும், உள்ளே நிற்பவரும் ஓரளவு தப்புவார்.

கூட்டுவது பற்றி யாரும் யோசிப்பதில்லை. காய்ந்த தும்புத்தடியால் கூட்டினால் படிந்த தூசியெல்லாம் திரும்ப எழும்பும். புளோவரால் ஊதுவது அதைவிட மோசம். தண்ணீர் தெளித்து அள்ளுங்கள்.

கையாள்_19
புதன், இரவு 7.55

நான் கையாளாகத்தான் போகிறேன். நான் வெட்டுவது இல்லை, பக்கத்தில் நிற்பதும் கூட்டுவதும்தான். அப்படியென்றால் எனக்கும் வருமா? மாஸ்க் கேட்டால் சிரிக்கிறார்கள். நான் இப்போது போடுவது பார்மசியில் விற்கும் நீல நிற மாஸ்க். அது காணுமா?

தாதி_மருதானை
புதன், இரவு 8.20

வரும் தம்பி. தூசிக்கு யார் மெஷின் பிடிக்கிறார் என்று தெரியாது. கூட்டும் நேரத்தில் உங்களுக்கு அவரை விடக் கூடவும் படலாம்.

நீல மாஸ்க் காணாது. அது எச்சில் தெறிக்காமல் இருக்கச் செய்தது. ஓரமெல்லாம் திறந்திருக்கிறது, காற்று சுலபமான வழியால்தான் உள்ளே வரும். துவாயும் அப்படியே. கொரோனா காலத்தில் பார்த்தோமே என்95, குறைந்தது அது வேண்டும். காதில் மாட்டும் வகையை விட, தலையைச் சுற்றி இரண்டு பட்டி போகும் வகை முகத்தோடு நன்றாக ஒட்டும். மூக்குக் கம்பியை அழுத்தி வைத்து, இரண்டு கையாலும் மூடிப் பலமாக ஊதிப் பாருங்கள். ஓரத்தால் காற்று வந்தால் திரும்பச் சரிசெய்யுங்கள். தாடி இருந்தால் ஒட்டாது. ஈரமானால், ஊத்தையானால், மூச்சு இழுக்கக் கஷ்டமானால் மாற்ற வேண்டும். நாள் முழுக்க இதே வேலை என்றால் வடிகட்டி மாற்றக்கூடிய ரப்பர் மாஸ்க் நல்லது, அதற்கு பி100 வடிகட்டி. முதல் செலவு கூட, ஆனால் மாதக் கணக்கில் வரும்.

வெக்கையில் கஷ்டம் என்பது உண்மை. வெளியே போய்க் கழற்றி, தண்ணீர் குடித்து, இளைப்பாறித் திரும்ப வர வேண்டும். அந்த இடைவேளையைக் கொடுப்பது மேலே இருப்பவரின் பொறுப்பு. மாஸ்க் என்பது தண்ணீரும் இழுவை மெஷினும் செய்து மிஞ்சியதைத் தடுக்கத்தான். என்95ஐ மட்டும் நம்பி மூடிய அறையில் காய்ந்தபடி வெட்டினால் தாங்காது.

வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகாதீர்கள். சைட்டில் மாற்றி, பையில் கட்டி, உதறாமல் தண்ணீரில் போடச் சொல்லுங்கள்.

பாஸ்_கொட்டாஞ்சேனை
புதன், இரவு 9.30

கையாள் தம்பி, சிரிக்கிறவன் சிரிக்கட்டும். நீ போடு.

தாதி மகளே, ஒன்று கேட்கிறேன். என்னோடு வேலை செய்த இரண்டு பேர் இளைத்து இளைத்தே போனார்கள். ஒருவர் கல் பொளிகிறவர். பீடி பிடிப்பார், அதனால்தான் என்று எல்லாரும் சொன்னோம். இது அதுவாக இருந்திருக்குமா?

தாதி_மருதானை
புதன், இரவு 9.41

எக்ஸ்ரே பார்க்காமல் சொல்ல முடியாது ஐயா. கல் பொளிந்தவர் என்றால் இருந்திருக்கலாம். பீடியும் சேர்ந்தே கெடுத்திருக்கும். நீங்களும் ஒருமுறை படம் எடுத்துப் பாருங்கள். அறிகுறி இல்லாவிட்டாலும்.

சிட்னி_அண்ணன்
வியாழன், காலை 5.10

நான் பம்பலப்பிட்டியில் வளர்ந்தவன், இப்போது இங்கே ஆஸ்திரேலியாவில் கட்டட வேலை. பென்ட்ரி குவார்ட்ஸ் கல் பற்றி யாரோ எழுதியிருந்தார்கள். தயவுசெய்து அதை லேசாக எடுக்காதீர்கள். குவார்ட்ஸைப் பொடியாக்கி பிசினோடு அழுத்திச் செய்வது அது. இங்கே அதை வெட்டிய ஆட்களில் முப்பது நாற்பது வயதுக்காரர் நோயாளிகளானார்கள். 2018க்கு முன்பிருந்தே அந்தத் தொழிலில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட நால்வரில் ஒருவருக்கு சிலிக்கோசிஸோ வேறு தூசி நோயோ இருந்ததாக அரசு அமைத்த குழு 2021இல் சொன்னது. தண்ணீர் போடு, மாஸ்க் போடு என்றெல்லாம் விதி போட்டும் சரிவரவில்லை. கடைசியில் 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லைத் தயாரிப்பது, விற்பது, பொருத்துவது எல்லாவற்றையும் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். உலகத்தில் முதல் தடை இதுதான்.

வெள்ளவத்தை அக்காவுக்கு என் ஆலோசனை: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மரம், மாபிள், இல்லாவிட்டால் டைல்ஸ். குவார்ட்ஸ்தான் வேண்டும் என்றால் சிங்க் ஓட்டை உட்பட எல்லா வெட்டும் பட்டறையில் ஈரத்தில் முடிந்து வர வேண்டும். வீட்டுக்குள் வைத்து ஓர் அங்குலம்கூட அரைக்க விடாதீர்கள்.

கோயில்_வீதி
வியாழன், காலை 7.25

கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கும்பிடப் போகும்போதெல்லாம் இராமநாதன் எழுப்பிய அந்தக் கருங்கல் தூண்களைத் தொட்டுப் பார்ப்பவன் நான். அந்த நாளில் எல்லாம் கை உளி வேலை. இப்போது கும்பாபிஷேகத் திருப்பணி என்றால் சிற்பிகளும் கிரைண்டர்தான் பிடிக்கிறார்கள், பந்தலுக்குள்ளே. திருப்பணிச் சபைகள் தூணுக்கும் விக்கிரகத்துக்கும் உபயம் சேர்ப்பது போல சிற்பிகளின் மாஸ்க்குக்கும் தண்ணீர் வசதிக்கும் ஓர் உபயகாரரைப் பிடிக்கலாமே. எங்கள் சபையில் நான் கேட்கப் போகிறேன்.

சட்டம்_படித்தவள்
வியாழன், காலை 10.45

மலையகத் தம்பிக்கு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்தை மட்டும் பேசுவதில்லை, தொழிலால் வரும் நோய்களையும் பேசுகிறது. சம்பளச் சீட்டு இல்லை என்பதால் மட்டும் விட்டுவிடாதீர்கள். கூட வேலை செய்தவர்களின் சாட்சியம், பட்டறையில் எடுத்த படங்கள், தொலைபேசிச் செய்திகள், காசு வாங்கிய துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். தொழிலைக் குறிப்பிட்டு டொக்டர் எழுதிய அறிக்கை முக்கியம். தாமதம் பாதிக்கும், ஆகவே சீக்கிரம் நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகத்தில் கேளுங்கள்.

இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு: நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் கைத்தொழில் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. பட்டறைகளில் தூசி பற்றி அங்கே முறையிடலாம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அவர்கள் கையில். ஆனால் மாடிவீட்டுக்குள் இரண்டு பேர் செய்யும் வேலையை எந்த அதிகாரி வந்து பார்க்கப் போகிறார்? அங்கே அதிகாரம் காசு கொடுப்பவர் கையில்தான் இருக்கிறது. இந்தியாவில் ராஜஸ்தான் அரசு கல் தொழிலாளருக்காக 2019இல் தனிக் கொள்கையே கொண்டுவந்து, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உதவி கொடுக்கிறது. இங்கேயும் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மாடிவீடு_வெள்ளவத்தை
வியாழன், மாலை 6.20

எல்லாருக்கும் நன்றி. இன்று வேலையை நிறுத்தி வைத்துவிட்டுக் கொந்தராத்துக்காரரோடு பேசினேன். கேசிங் போட்டால் வெட்டும் நீளம் பாதிக்கும் குறைவு என்று அவரே ஒத்துக்கொண்டார். மிச்சத்துக்கு வேக்குவம் இணைத்த மெஷின் வாடகையும், இரண்டு பேருக்கும் மாஸ்க்கும் என் செலவு, விலைப் பத்திரத்தில் தனி வரியாக எழுதச் சொல்லிவிட்டேன். அடிக் கணக்கை நாள் கூலியாக மாற்றியாயிற்று. பென்ட்ரிக்கு ஸ்டீல்.

சிறு கொந்தராத்து அண்ணன் சொன்னது சரி, மூன்று விலை வாங்கிக் குறைந்ததை எடுத்தது நானும்தான். அந்த விலையில் எது இல்லை என்று யாரும் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். ஏற்கெனவே வீட்டுக்குள் படிந்த தூசியால் என் சின்ன மகளுக்கு ஏதாவது ஆகுமா? ஈரத்தில் வெட்டினால் வரும் சேற்றை என்ன செய்வது?

சிறு_கொந்தராத்து
வியாழன், மாலை 6.58

தனி வரியாக எழுதச் சொன்னீர்களே, அது நல்ல யோசனை. நானும் இனி அப்படி எழுதுகிறேன். மூன்று விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஏன் கூட என்று வீட்டுக்காரருக்குத் தெரியும்.

சைட்_கந்தோர்
வியாழன், இரவு 8.10

சிலிக்கோசிஸ் வருவது நாள்தோறும், வருடக்கணக்காகத் தூசியில் நிற்பவர்களுக்கு. சில நாள் திருத்த வேலையால் பிள்ளைக்கு அது வராது, பயப்பட வேண்டாம். ஆனால் தொய்வு (ஆஸ்துமா) இருந்தால் அது கூடும். வெட்டும் நாட்களில் பிள்ளையை வேறு இடத்தில் வையுங்கள். முடிந்த பிறகு ஈரத் துணியால் அலுமாரி மேல், மின்விசிறி இறக்கை, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் துடையுங்கள். ஏசி வடிகட்டியைக் கழுவுங்கள். மெத்தையையும் திரைச்சீலையையும் வீட்டுக்குள் உதற வேண்டாம்.

சேற்றை அன்றைக்கே அள்ளிவிடச் சொல்லுங்கள். காயவிட்டால் அது திரும்பத் தூசிதான், மிதித்தாலே எழும்பும். பழைய சீமெந்துப் பையில் ஈரமாகவே கட்டி இடிபாட்டோடு அனுப்புங்கள். குளியலறை ஓட்டையில் ஊற்றிவிட்டால் உள்ளே இறுகிக் குழாய் அடைத்துவிடும், அதற்குத் திரும்பவும் சுவரை வெட்ட வேண்டி வரும்.